ஊரெல்லாம் சடைச்சி

அந்தக் கல்லுல மட்டும் கடப்பாறைய வைக்காதீக, மேஸ்திரி. கரைமேல ரோடு போடுங்க, மண்ணக் கொட்டுங்க, அது உங்க வேல. கல்லு வழியில நிக்குதுன்னா ரோட்டக் கொஞ்சம் வளைச்சுக்கங்க. எழுத்தும் இல்ல, செலையும் இல்ல, வெறுங்கல்லுதானன்னு கேக்குறீக. எழுதாம விட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. டீயக் குடிச்சுக்கிட்டே எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு மடை தெறக்குற நாளு, உச்சி நேரத்துக்கு எப்படியும் வேலைய நிறுத்தித்தான் ஆகணும்.

அப்ப ரொம்ப முந்தி. இந்தா நிக்குதே ஆலமரம், இதோட ஆத்தா மரம் நின்ன காலம்னு சொல்லுவாக. இதே கொன்னவயல்ல சேவுகன் அம்பலம்னு ஒருத்தரு இருந்தாராம். ஊருக்குத் தலைவரு, அவரு சொன்னா ஊரு கேக்கும். அவருக்கு ஒரு அக்கா, பேரு சடைச்சி. கட்டிக்குடுத்த எடத்துல புருசன் செத்துப்போயி, பிள்ளகுட்டி இல்லாம, தம்பி வீட்டுக்கே வந்து ஒல வச்சுக்கிட்டுக் கெடந்தவ. நான் அந்தச் சேவுகன் அம்பலம் வம்சந்தான். அதனால அவர நல்லவருன்னும் சொல்லுவேன், கெட்டவருன்னும் சொல்லுவேன், என்னய ஒருத்தரும் கேக்க முடியாது.

இந்தக் கண்மாய் வருசா வருசம் நெறையாது. நெறஞ்ச வருசந்தான் ஊருக்குச் சோறு. ஆனா நெறஞ்ச வருசம் மடை சும்மா தெறக்காதாம். தண்ணிக்குள்ள முழுகிப் போயி அடைப்புக் கல்லத் தூக்கணும். அந்தக் கல்லுக்கு அடியில ‘அது’ இருந்துச்சாம். அதுக்குப் பேரு கெடையாது. தனக்குப் பேரு இல்லாததுனாலதான் அடுத்தவுக பேரு மேல அதுக்கு அம்புட்டு ஆச போல. ஒரு ஆளக் குடுத்தா மடை தெறக்கும், குடுக்காட்டி கரை ஒடையும். அப்படின்னு ஊரு நம்புச்சு.

எப்படிக் குடுப்பாக? கட்டி இழுத்துக்கிட்டெல்லாம் போக மாட்டாக. நம்ம ஆளுக கையில ரத்தம் படாமப் பாத்துக்குவாக. அம்பலம் கரையேறி நின்னு, தண்ணியப் பாத்து, ஒரு ஆளோட பேர மூணு தடவ சொல்லுவாரு. அம்புட்டுத்தான். எறங்கி வந்து சாப்புட்டுட்டுப் படுத்துருவாரு. அடுத்து வர்ற உச்சி வெயில்ல, ஆளு நெழலு காலடிக்குள்ள போற நேரத்துல, கண்மாய்க்குள்ளருந்து அந்தப் பேரு திரும்பி வருமாம். யாரு பேரோ அவுக மட்டும், கூப்புட்ட கொரலுக்குப் பதிலா ‘ஏன்’னு கேப்பாக. கேட்டுட்டா முடிஞ்சுச்சு. காலு தன்னால கரைப்பக்கம் நடக்குமாம்.

ஆளு தெரியாம வர்ற ஒத்தக் கொரலுக்கு ‘ஏன்’னு கேக்கக் கூடாதுன்னு நமக்கெல்லாம் சின்னப் பிள்ளையிலேயே சொல்லி வச்சிருக்காகல்ல? சொல்லி வைக்க ஆளு இருந்தவுகளுக்குத்தான் அது தெரியும். அம்பலம் சொன்ன பேரெல்லாம், சொல்லி வைக்க ஆளு இல்லாதவுக பேரு. அண்ணன் தம்பி உள்ளவன் பேரு ஒரு நாளும் அவரு வாயில வந்ததில்ல. வந்தா மறுநா வாசல்ல அரிவா நிக்கும்ல.

அப்படித்தான் அரியாயின்னு ஒரு பிள்ள. பஞ்சத்துல எங்கிட்டோ இருந்து வந்த கூட்டம் விட்டுட்டுப் போனது. சடைச்சிக்குக் கூடமாட வேல செஞ்சுக்கிட்டு, கஞ்சி குடிச்சுக்கிட்டு, பெரியாத்தா பெரியாத்தான்னு அவ பின்னாலயே சுத்துமாம். அந்த வருசம் கண்மாய் நெறஞ்சுச்சு. அம்பலம் கரையேறிட்டு வந்தாரு. யாரு பேரச் சொல்லிட்டு வந்தாருன்னு வீட்டுல இருந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிஞ்சும் சடைச்சி வாயத் தொறக்கல.

மறுநா உச்சியில அந்தப் பிள்ள வாசல்ல உக்காந்து பயறு பொடச்சுக்கிட்டு இருந்துச்சாம். தலையத் தூக்குச்சு. மொகமெல்லாம் சிரிப்பு. “பெரியாத்தா, எங்காத்தா கூப்புடுறா. என்னயத் தேடி வந்துட்டா”ன்னுச்சாம்.

சடைச்சி கையில அகப்பை இருந்துச்சு. போகாதடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தப் பிள்ள ‘ஏன்’னு கேட்டுட்டு, பயறச் சொளகோட கீழ வச்சுட்டு, போச்சு. வரவே இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் மடை தெறந்துச்சு. ஊரு நெல்லுச் சோறு தின்னுச்சு. சடைச்சிக்கு மட்டும் அந்தச் சோத்துல சேத்து வாடை அடிச்சுச்சுன்னு சொல்லுவாக.

நான் ஒண்ணு சொல்றேன் மேஸ்திரி. அது கெட்டதுதான், நான் இல்லைங்கல. ஆனா அதுக்கு எங்க வீடு தெரியாது, தெரு தெரியாது. நாம சொல்லிக் குடுத்த பேரத்தான் அது திருப்பிச் சொல்லுச்சு.

வருசம் பல போச்சு. கண்மாய் வறண்டு, அரைகொறையா நெறஞ்சு, திரும்ப ஒரு வருசம் முட்ட முட்ட நெறஞ்சுச்சு. கரை கசிய ஆரம்பிச்சிருச்சு. அப்ப ஊருல ஆடு மேய்க்க குப்பன்னு ஒருத்தன் இருந்தான். அசலூர்க்காரன், ஒத்தக்கட்ட. சேவுகன் அம்பலமும் நாலு பெரியவுகளும் வீட்டுக்குள்ள உக்காந்து அவன் பேரப் பேசுனது சடைச்சி காதுல விழுந்துச்சு. நாளைக் காலையில கரையேறிச் சொல்றதுன்னு முடிவாச்சு.

அன்னைக்குக் குப்பன் கஞ்சிக்கு வந்தான். சடைச்சி ஊத்திக்கிட்டே, எதுக்குடா ஒனக்கு இப்படி ஒரு பேரு வச்சாகன்னு கேட்டாளாம். அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னானாம், எனக்கு முந்திப் பெறந்ததெல்லாம் செத்துப் போச்சு ஆத்தா, நான் பெறந்ததும் எங்காத்தா என்னயக் குப்பையில போட்டு எடுத்து இந்தப் பேர வச்சா, குப்பைய எவன் தூக்கிட்டுப் போவான்னு எமன் விட்டுட்டுப் போயிருவானாம்னு. சடைச்சி ஊத்துன கஞ்சி கலயம் நெறஞ்சு வழியுதாம், அவ நிறுத்தல. எமனையே ஒரு பேர வச்சு ஏமாத்தி வச்சிருக்கா எவளோ ஒருத்தி. அந்தப் பேரத்தான் நாளைக்கு இவுக கொண்டுபோயி தண்ணியில சொல்லப் போறாக. அங்கதான் அவளுக்கு அந்த யோசன வந்துச்சுன்னு சொல்லுவாக.

மறுநா விடிய, அம்பலம் எந்திரிக்கும் முன்னால சடைச்சி கரையேறிட்டா. தண்ணியப் பாத்து நின்னா. மொதப் பேரு எது தெரியுமா? சேவுகா, சேவுகா, சேவுகா. மூணு தடவ. பெறகு அவரு பொஞ்சாதி பேரு. பெறகு அந்த நாலு பெரியவுக பேரு. பெறகு வடக்குத் தெரு, தெக்குத் தெரு, வீடு வீடா, ஆம்பள பொம்பள, தொட்டில்ல கெடக்குற பிள்ள பேரு வரைக்கும் விடல. குப்பன் பேர மட்டும் சொல்லல. சனம் சத்தங் கேட்டு ஓடியாந்து அவ வாயப் பொத்துறதுக்குள்ள, ஊரு மொத்தத்தோட பேரும் தண்ணிக்குள்ள போயிருச்சு.

அடிக்க வந்தாக. பொம்பளைக மண்ண வாரித் தூத்துனாக. அம்பலம் பல்லக் கடிச்சுக்கிட்டு, யாரு பேரெல்லாம் சொன்னேன்னு கேட்டாராம். அவ சொன்னா, “ஒம் பேரத்தான் தம்பி மொதல்ல சொன்னேன்.”

அவளக் கட்டிப்போடவா, கொன்னுபோடவான்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே உச்சி வந்துருச்சு. காத்து நின்னுச்சு. ஆலமரத்துல ஒரு எல ஆடல. குருவிச் சத்தம் இல்ல. கண்மாய்த் தண்ணி தகடு மாதிரிக் கெடந்துச்சாம். அப்பக் கேட்டுச்சு. “சேவுகா… ஏ சேவுகா…” செத்துப்போன அவுக ஆத்தா கொரலு. சோறு ஆறுது வாடான்னு கூப்புடுற அதே கொரலு.

அம்பலம் ‘ஏன்’னு கேட்டுட்டாரு. அம்புட்டுப் பெரிய ஆளு, விதிமொறையெல்லாம் தெரிஞ்ச ஆளு, கேட்டுட்டாரு. காலு கெளம்பிருச்சு. நாலு பேரு இழுத்துப் புடிக்கிறாக, நிக்கல. சடைச்சிதான் தம்பி இடுப்பக் கட்டிக்கிட்டு மண்ணுல உருண்டாளாம். பொழுது சாயுற வரைக்கும் விடல. வெயிலு சாஞ்சதும் காலு நின்னுச்சு. “ஆத்தா கூப்புட்டா, அக்கா”ன்னு பிள்ள மாதிரி அழுதாராம் அந்த மனுசன்.

“அரியாயிக்கும் அப்படித்தான்டா கேட்டுச்சு”ன்னா சடைச்சி.

அதுக்கப்புறம் யாரும் அவ மேல கை வைக்கல. என்ன செய்யலாம்னு அவகிட்டயே கேட்டாக. அவ சொன்னா, இனிமே இந்த ஊருல யாருக்கும் அவுக பேரு கெடையாது, எல்லாரும் வீட்டுல கழட்டி வச்சுட்டு வாங்க, எல்லாருக்கும் எம் பேரு, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சடைச்சி. இப்பப் போயி எம் பேரக் கடைசியாச் சொல்லிட்டு வர்றேன். ஊருல வேற பேரே இல்லாமப் போனா, அது நாளைக்கு எம் பேரத்தான் கூப்புடும். கூப்புட்டதும் எல்லாரும் சேந்து ‘ஏன்’னு கேக்கணும். ஒருத்தன் கேட்டா ஒருத்தன இழுக்கும். ஊரே கேட்டா எத இழுக்கும்? இழுத்தா எல்லாரும் போவோம்னாளாம்.

அப்ப அந்த நாலு பெரியவுகள்ல ஒருத்தரு கேட்டாரு. நல்லாக் கேட்டாரு, எனக்கே அது தோணியிருக்கும். நாங்க பேசாம நின்னுட்டா? நீ மட்டுந்தான ஏன்னு கேப்ப? நீ மட்டுந்தான போவ?

“ஆமா. நான் மட்டுந்தான் போவேன்”ன்னா சடைச்சி. “இம்புட்டு நாளும் அப்படித்தான நின்னீக.”

அன்னைக்கு ஊருல யாரும் ஒருத்தர ஒருத்தரு கூப்புடலையாம். பேரச் சொல்லப் பயம். ஆத்தாகாரி பிள்ளையக் கையத் தட்டிக் கூப்புட்டா. இவுக கேப்பாகளா மாட்டாகளான்னு சடைச்சிக்குத் தெரியாது. ஆனா போயித் தன் பேரச் சொல்லிட்டு வந்துட்டா. அந்த நெஞ்சு எனக்கு இல்ல. எனக்கு மட்டும் என்ன, இங்க உக்காந்துருக்குற யாருக்கும் இல்ல.

மறுநா உச்சி. ஊரு மொத்தமும் கரையில. குப்பனும் ஆட்ட விட்டுட்டு வந்து நின்னான். காத்து நின்னுச்சு. எல ஆடல. தண்ணிக்குள்ளருந்து வந்துச்சு கொரலு. “பெரியாத்தா… சடைச்சிப் பெரியாத்தா…”

அரியாயி கொரலு. சிரிச்ச மொகத்தோட கூப்புடுற கொரலு. “ஏன்டி, இந்தா வர்றேன்”ன்னா. அவ மட்டுந்தான் சொன்னா. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவ காலு எறங்குது. தண்ணி மொழங்காலுக்கு வந்துருச்சு. ஊரு பாத்துக்கிட்டு நிக்குது. இடுப்புக்கு வந்துருச்சு. ஊரு பாத்துக்கிட்டே நிக்குது.

அப்ப ஒரு கொரலு. “ஏன்.” யாரு? குப்பன். அவன் பேரு தண்ணியில கெடையாது. அவன் பேசாம ஆடு மேய்க்கப் போயிருக்கலாம். அவந்தான் மொதல்ல சொன்னான். சொல்லிட்டுத் தண்ணியில எறங்கிட்டான். அடுத்தாப்புல அம்பலம், “ஏன்”னு சொல்லி எறங்குனாரு. பெறகு அவரு பொஞ்சாதி. பெறகு வடக்குத் தெரு, தெக்குத் தெரு. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பொம்பளைக. ஊரு மொத்தமும் தண்ணிக்குள்ள நின்னு ஏன், ஏன்னு கேக்குது.

சத்தம் அடங்குச்சு. தண்ணி நின்னுச்சு. யாரையும் இழுக்கல. அதுக்கப்புறந்தான் கேட்டுச்சாம், அடியில, அடைப்புக் கல்லுக்குக் கீழருந்து. மெதுவா ஒரு ‘ஏன்’. அதுக்குப் பின்னால ஒண்ணு. பின்னால இன்னொண்ணு. கெழவன் கொரலு, பொம்பளக் கொரலு, பிள்ளக் கொரலு. அதுக்கு முந்தி ஊரு குடுத்த ஆளுக அம்புட்டுப் பேரும். அவுகளும் சடைச்சின்னு கேட்டுட்டுப் பதில் சொன்னாக. தண்ணியில நின்னவுகள்ல அழாதவுக கொறச்சல்னு சொல்லுவாக.

அன்னைக்குக் கல்லத் தூக்க யாரும் முழுகல. அடைப்புக் கல்லு தன்னால மேல வந்துச்சு. மடை தெறந்துச்சு. மொதல்ல வந்த தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சாம், மனுசர் கையத் தொட்ட மாதிரி. அதுக்கப்புறம் கண்மாய் ஒரு நாளும் ஆளு கேக்கல.

சடைச்சி கெழவியாகித்தான் செத்தா. அவ செத்தப்ப எந்த வீட்டுச் சாவுன்னு சொல்ல முடியல, எல்லாருந்தான் சடைச்சி. ஊரு மொத்தமும் தீட்டுக் காத்துச்சு. கல்லு நட்டாக. யாரு பேர வெட்டுறது? வெட்டாமயே விட்டாக. இன்னைக்கும் இந்த ஊருல பெறக்குற பிள்ள காதுல மொதல்ல சடைச்சின்னு சொல்லிட்டுத்தான் வேற பேரு வைப்போம். மடை தெறக்குற நாளு உச்சியில ஒருத்தரு கரையில நின்னு சடைச்சின்னு கூப்புடுவாக. பஸ்ஸு ஓட்டுறவரு நிறுத்திட்டு எறங்கி வந்து ஏன்னு சொல்லிட்டுப் போவாரு. அசலூர்க்காரவுகதான் மொதல்ல சொல்லணும், அது குப்பனுக்கு உள்ள மரியாத. இந்த வருசம் அது நீங்கதான் மேஸ்திரி.

சொல்லிட்டு ஓடியாந்துராதீக. பேசாம நில்லுங்க. கொஞ்ச நேரங்கழிச்சு அடியிலருந்து கேக்கும். நாங்க காதக் குடுத்து நிப்போம். எங்களுக்கு அந்தக் கொரலெல்லாம் பழக்கம். ஒரு வருசம் கூடுதலா ஒரு கொரலு கேட்டுச்சு. புதுக் கொரலு. யாரக் கைவிட்டோம்னு தெரியாம ஊரே கரையிலருந்து ஓடுச்சு, வீடு வீடாக் கதவத் தட்டுச்சு. தெக்குத் தெருவுல பிள்ளைக விட்டுட்டுப் போன ஒரு கெழவன், சோறு தண்ணி இல்லாம கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தான். நாங்க ஒருத்தரும் அவன நெனைக்கவே இல்ல. மூச்சு இருந்துச்சு. தூக்கியாந்து எங்க வீட்டுலதான் கஞ்சி ஊத்துனோம். மறுவருசம் அவன் கரையில எங்க கூட நின்னு ஏன்னு கேட்டான். அந்த வருசம் அடியில பழைய கொரலுக மட்டுந்தான் கேட்டுச்சு.

வெயிலு நேரா வந்துருச்சு. கெளாச வச்சுட்டு எந்திரிங்க.