ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர்

டவுனிலிருந்து ரெட்டியார்பாளையம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் உடுத்தும் காவித் துணி, இரண்டு பேருக்கானது, அந்த அம்மாவின் மடியில் இருந்தது.

"ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர் போதுங்க. மொத நாளு அரியாங்குப்பத்துல தங்கிடலாம்."

"அரியாங்குப்பமா? காலையில போயி மீன் வாங்கிட்டு வர்ற தூரம்டி அது! அங்க போயி பாய விரிக்கணுமா? ஊரு சனமெல்லாம் ஒரே வாரத்துல போய்ச் சேருது. ஒன் வேகத்துக்கு, நத்தைகூட நமக்கு முந்தி கொடியேத்தம் பாத்துட்டுத் திரும்பி வந்துரும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ஒரு வாரத்துல போயிட்டா, அப்புறம் வீட்டுக்குத்தான வரணும்?"

மடியிலிருந்த துணியை அந்த அம்மா நீவிவிட்டார்.

"ஸ்டெல்லா பொழச்சு வந்தா நடக்கறோம்னு வேண்டினோம். அவளே போயிட்டா. அந்த வீட்ல இருக்க முடியலீங்க. தெருவுல எந்தப் பொண்ணு ஸ்கூட்டி திரும்பினாலும், நம்ம பொண்ணுதான்னு வாசல் கேட்டத் தொறக்க எழுந்துடறேன்."

பஸ் சிக்னலில் நின்றது. வெயில் இருவர் தோளிலும் ஒரே துண்டாக விழுந்து கிடந்தது. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி அவர் சொன்னார்:

"நாலுகூட வேணாம்மா. ரெண்டு ரெண்டாப் போவோம்."