முதுகுக்கு உதடு கிடையாது

— இன்னொரு தடவை போட்டுக் காட்டுறேன், நல்லா பாரு தம்பி. உங்கப்பா ராஜசபையை விட்டு நடந்து போறாரு. கேமரா பின்னாடி. வாய் தெரியுதா?

— தெரியல சார்.

— சிம்பிள். முதுகுக்கு உதடு கிடையாது. என்ன வேணும்னாலும் பேச வைக்கலாம்.

— அப்பா அங்க ஒண்ணும் பேசல சார். அதுக்குத்தானே அவர் நடிக்கிற அந்த மந்திரியோட தலையை வெட்டுறாங்க?

— வெட்டட்டும், யார் வேண்டாம்னா? பேசினதுக்கப்புறம் வெட்டுறாங்க.

— பேசிட்டா எதுக்கு சார் வெட்டணும்?

— லேட்டா பேசினாரு.

— சவுண்டு அண்ணே, நீங்களே சொல்லுங்க. இது அடுக்குமா?

— மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான் மாப்ளே. நான் பட்டனை அமுக்குறவன்.

— படம் பூரா ராஜா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு சார். ‘என் தம்பியை நான் கொன்னது நியாயம்னு சபையில சொல்லு.’ மந்திரி வாயைத் திறக்கல. பொண்டாட்டி கால்ல விழுறா, திறக்கல. ஜெயில்ல எலி கடிக்குது, திறக்கல. கடைசியில முதுகைக் காட்டிக்கிட்டு ‘மன்னர் செய்தது நியாயம்’னா, டிக்கெட் எடுத்தவன் சும்மா விடுவானா?

— படம் வந்தாத்தானே டிக்கெட்? அரண்மனை ஆள் வந்து பாத்துட்டுப் போயாச்சு. அந்த ராஜாவோட வம்சம்தான் இன்னைக்கும் சிம்மாசனத்துல இருக்கு. மூணே வார்த்தை கேக்குறாங்க. இருந்தா அனுமதி. இல்லேன்னா படம் இந்த டப்பிங் ரூமைத் தாண்டாது.

— தாண்ட வேண்டாம்.

— உங்கப்பா உசுரோட இருந்தா உன்கிட்ட வந்து நிப்பேனா? முன்னாடி வர்ற சீன் வசனத்தையெல்லாம் பேசி முடிச்சிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. காலம் பூரா வாசக் காவக்காரன், பொணம், மறுபடியும் பொணம்னு நடிச்ச மனுஷன். முதல் தடவையா பெரிய வேஷம். நாலு பேரு பாக்க வேண்டாமா?

— அம்மாவும் அதைத்தான் கேட்டாங்க.

— பாத்தியா, விவரமானவங்க.

— மாட்டேன்னு சொன்னா என் சோத்துல உப்பு போட மாட்டாங்களாம். இப்ப உப்பில்லாமதான் சாப்பிடுறேன்.

— ரத்தக்கொதிப்புக்கு நல்லது.

— வேற ஆளைக் கூப்பிடுங்க சார்.

— கூப்பிட்டேனே. உங்கப்பா மாதிரி பேசுடான்னா, சளி புடிச்ச எருமை மாதிரி பேசுறான். உனக்குத்தான் அப்பன் தொண்டை. அச்சு அசல்.

— அதனாலதான் மாட்டேங்கிறேன். வேற தொண்டையா இருந்தா பேசியிருப்பேன்.

— தம்பி, நான் மிரட்டல. அடுத்த படத்துல ஹீரோவுக்கு நீதான் குரல்னு முதலாளிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இதை நீ செய்யலேன்னா இந்த ஸ்டூடியோ வாசல்ல உன் செருப்பைக்கூடக் கழட்ட முடியாது.

— இது மிரட்டல் இல்லையா சார்?

— தகவல்.

— மாட்டேன் சார்.

— யோசி. நான் அரண்மனைக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடுறேன். சீக்கிரம் முடிஞ்சிடும். அங்க நம்மளை யாரும் பேச விடுறதில்ல.

— அண்ணே, போயிட்டாரா?

— வெராந்தாவுல நிக்கிறாரு. போனுக்குக் கும்பிடு போட்டுக்கிட்டிருக்காரு.

— நான் சரியாத்தானே சொன்னேன்?

— கேக்க நல்லா இருந்துச்சு.

— அப்பா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாரு. வாயைத் திறக்காம நடிக்கணும்னு கண்ணாடி முன்னாடியே கெடந்தாரு. வீட்டுலயும் பேச்சை விட்டுட்டாரு. அம்மா வம்புக்கு இழுத்துப் பாத்தாங்க. அப்பவும் பேசல.

— மாப்ளே, ஒண்ணு சொல்றேன். கோவப்படாதே.

— சொல்லுங்க.

— அரண்மனை ஆள் வந்தது உங்கப்பா சாகுறதுக்கு முந்தின நாள். அவரும் இங்கதான் உக்காந்திருந்தாரு. இருமிக்கிட்டு. அவன் கேட்டதெல்லாம் காதுல விழுந்துச்சு. டைரக்டர் கெளம்பினதும் நேரா உள்ள போய் மைக் முன்னாடி நின்னாரு. பட்டனை அமுக்குடான்னாரு.

— எதுக்கு?

— மூணு வார்த்தைக்கு.

— பொய்.

— போடவா? ஒரே டேக். இருமல்கூட வரல.

— எங்கப்பா அதைச் சொன்னாரா?

— ‘இவங்க கடைசியில என் பையன்கிட்டதான் போவாங்க. அவன் மாட்டேம்பான், அது என் புத்தி. அதுக்காக அவன் பொழப்பு கெடக்கூடாது. மாட்டேன்னு சொல்லிட்டான்னா இதை எடுத்து டைரக்டர்கிட்ட குடுத்துடு’ன்னாரு.

— நான் ஒத்துக்கிட்டிருந்தா?

— அழிச்சிடச் சொன்னாரு. யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு.

— அண்ணே...

— டைரக்டர் வர்றாரு. சீக்கிரம் சொல்லு மாப்ளே. நீ இப்ப மாட்டேன்னு சொன்னியா, சொல்லலையா?