தாம்பூலப் பையில ஒரு சீட்டு

– முதல்ல அதைச் சொல்லு அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதோல்லியோ?

– முடிஞ்சுதுடீ பார்கவி, முடிஞ்சுது. நேத்திக்குச் சாயங்காலம் சத்திரத்துச் சாவியைக் குடுத்துட்டு அல்சூருக்கு வந்து விழுந்தோம். நிருபமா ஆத்துக்காரனோட மல்லேஸ்வரம் போயிட்டா. இன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வரது, அதான் முதல் போன் உனக்கு. ஆனா அந்தப் பை விஷயம் இருக்கே, என் உசிரு தொண்டைக்குழி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு, கேட்டியா.

– எந்தப் பை?

– தாம்பூலப் பைடீ. வந்தவாளுக்குத் தேங்கா, வெத்தலை பாக்குப் போட்டுக் குடுக்கற பை. நான் சிக்பேட்டைக்குப் போய் மஞ்சளும் செவப்புமா அழகா வாங்கிண்டு வரேன்னேன். எம் பொண்ணு நிருபமா கேட்டாளா? அதெல்லாம் பிளாஸ்டிக், மண்ணுல மக்காது, சும்னே இரும்மான்னு பாதிக் கன்னடத்துல அடக்கிட்டா. ஒரு மணி நேரம் டெலிபோனை எங்கேஜ்டு ஆக்கிண்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா, கிரெடிட் கார்டு நம்பரைப் போட்டா, ஆய்த்து, நூத்தம்பது பை ஆர்டர் பண்ணியாச்சுன்னா. தொட்டுப் பாக்காம, பேரம் பேசாம தாம்பூலப் பை வாங்கினது நம்ம வம்சத்துலயே அவதான் முதல்.

– பேரம் பேசினா தைக்கறவாளுக்குத்தானே அக்கா குறையும்.

– நீயும் அவளை மாதிரியே பேசறயே. நியாய வியாபாரமாம், நடுவுல தரகன் கிடையாதாம், கூலி நேரா தைச்சவா கைக்கே போறதாம். சரி, போட்டும்னு விட்டேன். கூரியர்ல அட்டைப்பெட்டி வந்துது. கல்யாண வேலைல அதைத் தொறக்க யாருக்கு நேரம்? முகூர்த்தத்தன்னிக்குக் காலம்பற சத்திரத்து ஸ்டோர் ரூம்ல வச்சுத்தான் பிரிச்சேன்.

– பை நன்னா இருந்துதா?

– குத்தம் சொல்ல முடியாது. காடாத் துணி, ஓரத்துல சின்னதா மாங்கா பார்டர், தையல் அத்தனை நேர்த்தி. ஆனா ஒவ்வொரு கைப்பிடிலயும் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கறது. உங்க அத்திம்பேர் கண்ணாடியைப் போட்டுண்டு முதல் வரியைப் படிச்சார். படிச்சவர் அப்படியே என் மூஞ்சியைப் பாத்தார்.

– அப்படி என்ன எழுதியிருந்துது?

– உங்கிட்ட எப்படிடீ அதைச் சொல்றது.

– பரவால்ல, சொல்லு.

– புருஷனை எழந்த பொம்மனாட்டிகள் சேர்ந்து தைச்ச பைன்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருந்துது. நூத்தம்பதுலயும்.

– ம்.

– உன் சந்துரு போய் இன்னும் எட்டு மாசம் ஆகல, உங்கிட்டப் போய் இதைச் சொல்றேனேன்னு எனக்கே நாக்கு கூசறது. ஆனா என் நெலமையை யோசிச்சுப் பாரு. சம்பந்தி மாமி மடி ஆசாரம்னு பேர் எடுத்தவா. நிச்சயதார்த்தத்தப்போ குங்குமச் சிமிழ் காலியா இருந்ததுக்கே ஒரு வாரம் போன் பண்ணாதவா. சுமங்கலிகளுக்குக் குடுக்கற தாம்பூலத்துல இந்தச் சீட்டைப் பாத்தா, போற எடத்துல என் பொண்ணுக்குக் காலத்துக்கும் பேச்சாயிடுமே. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கதவைச் சாத்திண்டு ஒவ்வொரு சீட்டா பிச்சுப் போட ஆரம்பிச்சேன்.

– நீயேவா பிச்சே?

– நானேதான். இவர் கத்திரிக்கோல் தேடிண்டு போனார். பத்தோ பன்னெண்டோ பிச்சிருப்பேன், கதவு தொறந்துது. யாருங்கற? சம்பந்தி மாமியேதான், காசியாத்திரைக் குடையைக் கேட்டுண்டு வந்து நிக்கறா. என் மடி நெறைய சீட்டு. பூமி பொளக்கக் கூடாதான்னு இருந்துது எனக்கு.

– ஏதாவது சொல்லிச் சமாளிச்சியா?

– பொய் வந்தாத்தானே? இருக்கறதை இருக்கறபடி சொல்லி, குழந்தை மேல கோவப்படாதீங்கோன்னு அவா கையைப் பிடிச்சுண்டேன். மாமி ஒரு சீட்டை எடுத்து, தூரத் தள்ளி வச்சுப் படிச்சா. அப்பறம் பட்டுப் புடவையோட எம்பக்கத்துல தரைலயே உக்காந்துட்டா.

– என்ன சொன்னா?

– "என் கல்யாணத்தப்போ எங்கம்மா இதே மாதிரி ஒரு ஸ்டோர் ரூம்லதான் தேங்கா எண்ணிண்டு உக்காந்திருந்தா. நான் மணைல உக்காந்ததை அவ பாக்கவே இல்ல. மிச்சத்தைப் பிக்காதீங்கோ"ன்னா.

– இதை நான் எதிர்பாக்கல அக்கா.

– நான் மட்டும் எதிர்பாத்தேனா? கண்ணைத் துடைச்சுண்டு, அந்த வெப்சைட் பேரை எழுதிக் குடுங்கோ, எங்காத்து சஷ்டியப்தபூர்த்திக்கு எனக்கும் வேணும்னா பாரு. அந்த நேரம் பாத்து உங்க அத்திம்பேர் கத்திரிக்கோலும் கையுமா ஓடி வரார், நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறோம். சாப்பாடானதும் வாசல்ல நின்னுண்டு மாமியே தன் கையால ஒவ்வொருத்தருக்கும் பையை எடுத்துக் குடுத்தா. அப்பாடா, தலைல இருந்த பாறாங்கல்லை எறக்கி வச்ச மாதிரி இருந்துது.

– நல்ல மனுஷி.

– அவா நல்ல மனுஷிதான். நான்தான்டீ இல்ல. அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். வருஷம் ஆகட்டும் அக்கா, நான் வரலன்னு நீயே சொன்னே. நான் வேண்டாம்னு சொல்லல, ஆனா வான்னும் ஒரு வார்த்தை சொல்லலியே. உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துது எனக்கு. மாமி அவா அம்மாவைப் பத்திச் சொல்றச்சே என் கண்ணு முன்னால நீதான் நின்னே. லிங்கராஜபுரத்துல ஆத்தைப் பூட்டிண்டு நீ தனியா உக்காந்திருக்கே, நான் இங்க நாயனம் வச்சுண்டு ஜம்முனு நிக்கறேன்.

– தனியால்லாம் உக்காரல. தினம் காலம்பற பக்கத்துச் சர்ச் ஹாலுக்குப் போயிடறேன்.

– சர்ச்சுல உனக்கு என்ன வேலை?

– சொல்றேன். நீ சொல்ல வந்ததைச் சொல்லி முடி.

– ஞாயித்துக்கிழமை இங்க பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து. சம்பந்தியாத்துல எல்லாரும் வரா. நீ வரணும். சமையல்கட்டுல இல்ல, கூடத்துல, எம்பக்கத்துல. வரயா?

– அந்தச் சீட்டுல கீழ பேனாவால ஒரு பேர் எழுதியிருக்குமே, படிச்சியா?

– முதல் வரியைக் கேட்டதுக்கப்பறம் கீழ யார் பாத்தா? பேர் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

– பிச்ச சீட்டெல்லாம் எங்க?

– என் கைப்பைலதான் கெடக்கு. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். ஸ்டெல்லான்னு இருக்கு. இது முத்தம்மா. இதுவும் முத்தம்மா. இது பார்கவி. பார்கவி சந்திரசேகரன். ஏய், இது உன் கையெழுத்துடீ.

– அதுல நாப்பது பை நான் அந்தச் சர்ச் ஹால்ல உக்காந்து தைச்சது அக்கா. "சித்தி, நீ வரமாட்டேன்னுட்டே, உன் கையாவது வரட்டும்"னு நிரூதான் தேடிப் பிடிச்சு எங்ககிட்டயே ஆர்டர் போட்டா. கல்யாணத்துக்குக் கை வந்துது, ஞாயித்துக்கிழமை ஆளே வரேன்.