திரும்பி வராத மூன்றாவது காக்கை

தலைமைப் பீடத்தைத் தம் தலைப்பாகையாலேயே நிரப்பி வீற்றிருக்கும் பெரியவர் செங்கல்வராயன் அவர்களே! அயனம்பாக்கம் ஏரியைவிட ஆழமான மௌனத்தோடு அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! என் பேச்சைக் கேட்க வருவதாகச் சொல்லிவிட்டு, புது பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! அம்பத்தூரிலிருந்து நடந்து வந்த அன்பர்களே, சென்னீர்குப்பத்திலிருந்து கட்டை வண்டியில் குலுங்கி வந்த கனவான்களே! யாவர்க்கும் இந்தப் பரந்தாமனின் பணிவான வணக்கம்.

வாசகசாலை ஆண்டு விழாவில் 'வடகடல் வீரர்' என்று பேசச் சொன்னார்கள். நான் பேசினால் என்ன ஆகும் என்பது ஊரறிந்தது. ஒருமுறை இதே மேடையில் தொண்டையைக் கனைத்தேன். ஆவடியில் நின்ற ரயில், கார்டு விசில் ஊதிவிட்டார் என்று நினைத்துக் கிளம்பிவிட்டது. யார் அங்கே சிரிப்பது? வரதனா? அந்த ரயிலைத் தவறவிட்டவனே நீதானே அப்பா!

வடகடல் என்றால் என்ன கடல்? அந்தக் குளிரில் தீமிதி நடத்தினால் நெருப்பே நம்மிடம் போர்வை கேட்கும்! அந்தக் கடலில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், மேற்கூரையில்லாத மரக்கலத்தில் போனார்கள் அந்த மனிதர்கள். அவர்கள் தாடியை அவிழ்த்துவிட்டால் பாய்க்குத் துணி மிச்சம்! திசை காட்டும் கருவி உண்டா? இல்லை. வரைபடம் உண்டா? இல்லை. சூரியன் உண்டு, பறவை உண்டு, பசி உண்டு. அவ்வளவே கொண்டு பனித்தீவைக் கண்டார்கள். அதற்கும் அப்பால் ஒரு பச்சைத் தேசத்தைக் கண்டார்கள். அமெரிக்கக் கரையையே, கொலம்பசின் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்குமுன் மிதித்தார்கள்.

அவர்களில் ஃபுளோக்கி என்று ஒருவன். கூண்டில் மூன்று அண்டங்காக்கைகளோடு கப்பலேறினான். நடுக்கடலில் முதல் காக்கையை விட்டான்; அது வந்த திசைக்கே பறந்தது. இரண்டாவதை விட்டான், சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கே திரும்பியது. மூன்றாவதை விட்டான், முன்னோக்கிப் பறந்தது, பறந்தது, திரும்பவே இல்லை. அதன் பின்னே கப்பலைச் செலுத்தினான். கரை தெரிந்தது!

நமக்குக் காக்கை வந்தால் நல்லது. அவனுக்குக் காக்கை வராவிட்டால் நல்லது. எத்தனை விந்தை பாருங்கள்.

இந்தக் கதையை நான் முன்பு இங்கே சொன்னபோது, முன்வரிசையில் வாய்பிளந்து கேட்டவன் என் தங்கை நாகம்மாளின் மகன் வேம்புலி. துறைமுகத்தில் கரி சுமந்தவன். யுத்தம் வந்ததும் கரி தள்ளக் கப்பலேறினான். அதே வடகடலில் அந்தக் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை என்று துறைமுகத்தில் சொன்னார்கள்.

தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்தினோம். கருமாதியன்று ஏரிக்கரையில் சோறு வைத்தோம். 'கா கா' என்று ஊரே கூவியது. உச்சி வெயில் ஏறியது, சோறு காய்ந்தது, ஒரு காக்கைகூட வரவில்லை.

அப்போது என் தங்கை மண்ணில் விழுந்து சொன்னாள்: "எம் புள்ள பசியோட சுத்திக்கினு கீறான்."

அவன் மனைவி பொன்னியம்மாவோ நிமிர்ந்து நின்றாள். "காக்கா வரலன்னா கரை கெடச்சிட்ச்சின்னு அர்த்தம். அந்தக் கதைய அவரே எனக்குச் சொல்லிக்கீறாரு," என்றாள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அன்றுமுதல் ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு அடுப்பு. ஒருத்தி மகனின் பசியை நினைத்துச் சாப்பிடுவதில்லை. இன்னொருத்தி கணவன் வரும் வழியை நினைத்துத் தூங்குவதில்லை.

நாளைக் காலை மறுபடியும் சோறு வைப்பதென்று தலைவர் முடிவு செய்திருக்கிறார். 'நீ கிளப்பிவிட்ட காக்கைக் கதை, நீயே பொன்னியம்மாவுக்குப் புரியவைத்துத் தாலியைக் கழற்றச் சொல்' என்று என்னை மேடையேற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவரும் அந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்தவர்.

பொன்னியம்மா! ரயிலையே கிளப்பிய வாய் இது. 'வேம்புலி வந்துவிடுவான்' என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த வாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்? வரவில்லையம்மா, அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

ஃபுளோக்கி கரை கண்டான். ஆனால் அதே பயணத்தில், வழியிலே ஒரு நீர்நிலையில், தன் மகளைப் பறிகொடுத்தவன் அவன். பச்சைத் தேசத்தில் குடியேறப் புறப்பட்ட கப்பல்களில் பலவற்றைக் கடல் விழுங்கியது. திரும்பாத காக்கை கரையைக் கண்டிருக்கலாம். சிறகு ஓய்ந்து தண்ணீரில் விழுந்தும் இருக்கலாம். விழுந்த காக்கையைப் பற்றிச் சொல்ல யார் மிஞ்சியிருக்கிறார்கள்? எனக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, தாயே.

தெரியாத ஒன்றுக்காக ஒரு பெண்ணின் கழுத்தில் கை வைக்கலாமா? தெரியாத ஒன்றுக்காக ஒரு தாயைப் பட்டினி போடலாமா? சபையோரே, சொல்லுங்கள்!

என்னம்மா? பெண்கள் பக்கம் யார் எழுந்திருப்பது? பொன்னியம்மாவா? வழிவிடுங்கள். பேசம்மா.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். "அத்தைக்கோசரம் சோறு நானே ஆக்கறேன் மாமா. காக்காவ மட்டும் என்னைக் கூப்புடச் சொல்லாதீங்க," என்கிறாள்.

தலைவரே, இதற்குமேல் ஒரு பெண்ணிடம் எதைக் கேட்பது? தலையசைக்கிறீர்கள், உங்கள் தலைப்பாகைக்கு என் நமஸ்காரம். தாலி அவள் கழுத்தில் இருக்கட்டும்; அதைப் பற்றி இனி எவரும் வாய் திறக்க வேண்டாம். நாளை மருமகள் ஆக்கிய சோற்றை மாமியார் வைப்பாள். ஊர் பக்கத்தில் நிற்கும். ஒருவரும் கூவ வேண்டாம். காக்கை வந்தால் வரட்டும். வராவிட்டால், அந்தச் சோற்றைப் பிசைந்து என் தங்கைக்கு நானே ஊட்டுகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். கைதட்டாமல் கலைந்து போங்கள். ஏரிக்கரை மரத்தில் காக்கைகள் அடைந்திருக்கின்றன.