பதிமூணு அங்குலமும் நாலு புள்ளியும்

…இல்லம்மா, எனக்குப் பயமே வேற. இதை நான் தப்பா சொல்லிடுவேனோன்னுதான். போன வாரம் இதே இடத்துல, இதே கண்ணாடி முன்னாடி, மூணு பேருக்கு சொன்னேன். மூணு பேரும் என் மாப்பிள்ளையைத் திட்டிட்டுப் போனாங்க. "இப்படியும் ஒரு மனுஷனா"ன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதான் பயம். கையைக் கொஞ்சம் தூக்குங்க. போதும். அசையாதீங்க, அக்குள்கிட்ட ஊசி இருக்கு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கார். நல்லா யோசிச்சுப் பாருங்க. பொண்ணு வயித்துல ரெட்டைப் புள்ளை. ரெண்டு மாசத்துல கையில வந்துடும், ரெட்டைன்னா அதுக்கும் முன்னாடியே வந்தாலும் வரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. பெரியாஸ்பத்திரி ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு, ரெண்டு பஸ் மாறணும். பொறந்தப்புறம் வாராவாரம் எடை பாக்கத் தூக்கிட்டு வரணுமாம். இப்படியிருக்க வீட்டுக்கு ஒரு கார் வாங்கினா, எப்படிப்பட்ட கார் வாங்கணும்? நீங்களே சொல்லுங்க. புள்ளைங்க ரெண்டு, அவங்கம்மா, அப்புறம் புள்ளைங்களைப் பாத்துக்க நான். இதுக்கு இடம் இருக்கற காரா வாங்கணுமா இல்லையா? இவரு வாங்கியிருக்கற கார்ல, பின்னாடி ரெண்டு குழந்தை சீட்டு வச்சுட்டா, நடுவுல ஒரு பூனை உக்காரலாம். அதுவும் ஒல்லிப் பூனையா இருக்கணும்.

பாத்தீங்களா, நீங்களும் உச்சுக்கொட்டறீங்க. இருங்க, அதுக்குள்ள கொட்டாதீங்க. இன்னும் நான் சரியா சொல்லலை.

கொஞ்சம் திரும்புங்க. ம்ம். நிமிந்து நில்லுங்க. ஆபீசுக்குப் போடற கோட்டுன்னா முதுகு நல்லா உக்காரணும். முதல் நாள் வேலைக்குப் போறீங்க, பின்னாடியிருந்து பாக்கறவங்கதான் அதிகம், முன்னாடியிருந்து பாக்கறவங்க ஒரே ஒரு மேனேஜர்தான்.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வெட்டற தொழில். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, மீன்தொட்டி, எல்லாம். இப்போ உங்களைக் காட்டிட்டிருக்கே இந்தக் கண்ணாடி, இதுவும் அவரு வெட்டினதுதான். கல்யாணம் ஆன புதுசுல கொண்டாந்து மாட்டினாரு. சட்டத்துல வச்சாரு பாருங்க, ஒரு தட்டுத் தட்டலை, ஒரு அழுத்து அழுத்தலை, குழந்தை மடியில உக்கார்ற மாதிரி போய் உக்காந்துச்சு. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஏன்னா, நாங்க தையல்காரங்க. நாங்க எதையும் விட்டுத்தான் வெட்டுவோம். உள்பக்கம் மடிக்க அரை அங்குலம், வளந்தா பிரிக்க ஒரு அங்குலம், சாப்பாட்டுக்கப்புறம் வயிறு உப்பினா அதுக்கு ஒரு கால். அவரு தொழில்ல அப்படி விட முடியாது. ஒரு நூல் அளவு கூடினா கண்ணாடி உள்ள போகாது, ஒரு நூல் அளவு குறைஞ்சா கீழ விழும். "அளவுன்னா அளவுதான் அத்தை, அதுல என்ன கூட்டல் கழித்தல்"ன்னு கேப்பாரு. சாப்பிடும்போது கூட "அத்தை, அரைக் கரண்டி"ன்னுதான் கேப்பாரு. நான் ஒண்ணரை வைப்பேன். ஒண்ணை எடுத்துத் திரும்பப் பாத்திரத்துல போட்டுட்டு சாப்பிடுவாரு. இந்த மனுஷன்கூட எப்படிம்மா குடித்தனம் பண்றேன்னு பொண்ணைக் கேட்டா, "அவர் சொன்னா சொன்னபடி வீட்டுக்கு வருவாரும்மா"ங்கறா. சரி, அதுவும் ஒரு அளவுதான்.

என்ன பாக்கறீங்க, நோட்டையா? அது உங்க அளவுதான். தோள், மார், இடுப்பு. அந்தப் புள்ளிங்களா? அது… ஒண்ணுமில்லை, பேனா வச்சு எடுத்த இடம். நேரா பாருங்க, கழுத்தை வளைச்சா காலர் கோணும்.

கார் பாக்கப் போனது ஒரு பெரிய கதை. மூணு வாரம், அஞ்சு கடை. அவரு ஒரு டேப்பு கொண்டுவந்தாரு, இரும்பு டேப்பு. நான் என் துணி டேப்பைக் கழுத்துல போட்டுட்டே போயிட்டேன், எடுக்க மறந்துட்டேன். கடைக்காரங்க எல்லாம் எங்களைப் பாத்து ஏதோ சோதனை போட வந்தவங்கன்னு நினைச்சு டீ கொடுத்தாங்க. ரெட்டைத் தள்ளுவண்டி இருக்கு பாருங்க, ரெண்டு குழந்தையைப் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சுத் தள்ளறது, அதை மடிச்சா டிக்கியில போகுமான்னு தூக்கித் தூக்கி வச்சுப் பாத்தோம். ஒரு கார்ல தள்ளுவண்டி போச்சு, டிக்கி மூடலை. இன்னொண்ணுல டிக்கி மூடிச்சு, திறக்கலை. என் பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஓரமா நாற்காலியில உக்காந்து சிரிக்கறா. நான் "சிரிக்காதே, சிரிச்சா உள்ள இருக்கறதுங்க முழிச்சுக்கும்"னு அதட்டறேன்.

கடைசியா ரெண்டு கார்ல வந்து நின்னுச்சு. ஒண்ணு பெருசு. பின்னாடி ரெண்டு குழந்தை சீட்டு போட்டா நடுவுல பதினெட்டு அங்குலம் மிச்சம். ஆனா அது எங்க தெருவுல திரும்பாது. எங்க தெரு உங்களுக்குத்தான் தெரியுமே, எதிர்ல ஒரு சைக்கிள் வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் மன்னிப்புக் கேக்கணும். இன்னொண்ணு சின்னது. தெருவுல அழகா திரும்பும், வாசல்லயே நிக்கும். நடுவுல பதினாலு அங்குலம்தான் மிச்சம்.

இவரு சின்னதை வாங்கிட்டாரு.

இதுவரைக்கும்தான் நான் அந்த மூணு பேருக்கும் சொன்னது. இதோட நிறுத்திட்டுப் பெருமூச்சு விட்டேன். அவங்க மிச்சத்தை அவங்களே தைச்சுக்கிட்டாங்க. "மாமியாரைக் கழட்டிவிடத்தான் சின்ன வண்டி"ன்னு ஒருத்தி. "நாளைக்கு வீட்டையும் சின்னதாக்குவான் பாரு"ன்னு இன்னொருத்தி. நான் மறுக்கலை. வாயில ஊசி இருந்துச்சு, பேச முடியலைன்னு வச்சுக்கோங்க.

அந்தப் பக்கம் திரும்புங்க. இல்ல, இன்னும் முடியலை. ஊசியை எடுத்தா நீங்க ஓடிடுவீங்க.

நடந்தது என்னன்னா… அந்த சின்னக் கார் பக்கத்துல நாங்க நிக்கறோம். காரைக் காட்டற பொண்ணு ஒண்ணு, இருபத்திரண்டு வயசு இருக்கும். அதோட இடுப்பு என் தையல் மெஷின் கழுத்து அளவுதான் இருக்கும். பொறாமையில சொல்லலை, தொழில் கண்ணு, பாத்தாலே அளவு வந்துடுது. மாப்பிள்ளை சட்டைப் பையிலருந்து ஒரு காகிதத்தை எடுத்தாரு. பின் சீட்டை வரைஞ்சு வச்சிருக்காரு. நீளமா ஒரு கட்டம். அந்த ஓரம் ஒரு பெட்டி, இந்த ஓரம் ஒரு பெட்டி, ரெண்டுலயும் "பாப்பா", "பாப்பா". நடுவுல ஒரு பெட்டி. அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "அத்தை".

ஆமாம்மா. எனக்கு முதல்லயே இடம் போட்டுட்டுத்தான் காரே பாக்க வந்திருக்காரு அந்த மனுஷன்.

அப்புறம் பேனாவை எடுத்துக்கிட்டு, எல்லார் முன்னாடியும், ஜன்னல் அளவு கேக்கற மாதிரி கேக்கறாரு: "அத்தை, நீங்க உக்காந்தா அகலம் எத்தனை அங்குலம்?"

நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியா இது? பொண்ணு நிக்கறா, அந்தத் தையல் மெஷின் கழுத்து நிக்குது, டீ கொண்டாந்தவரு தட்டோட நிக்கறாரு. ஊர்ல உள்ளவங்க இடுப்பெல்லாம் எனக்கு மனப்பாடம், என் இடுப்பை நான் கடைசியா அளந்தது கல்யாணத்துக்குத் தைச்சப்போ. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். டேப்பு கழுத்துலயே தொங்குது, எப்படிச் சொல்றது? வாயில வந்துச்சு பாருங்க:

"பதிமூணு."

சரி, இப்போ அந்தப் புள்ளி விஷயத்தைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. வர்றவங்க எல்லாம் அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவாங்க. "எத்தனைக்கா"ன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொன்னா முகம் சுருங்கிடும். அதனால நான் குறைச்சு சத்தமா சொல்லி, குறைச்சே எழுதி, பக்கத்துல புள்ளி வச்சுக்குவேன். ஒரு புள்ளிக்கு ஒரு அங்குலம். வெட்டும்போது புள்ளியையும் சேத்து வெட்டிடுவேன். அவங்களுக்கும் சந்தோஷம், துணியும் கிழியாது. இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊரே என் புள்ளியிலதான் மூச்சு விடுது. உங்களுக்கா? உங்களுக்கு… மூணுதான். மூணெல்லாம் ஒண்ணுமே இல்லைம்மா. மூச்சை விடுங்க, நான் புள்ளியோடதான் வெட்டியிருக்கேன்.

ஆனா மாப்பிள்ளைகிட்ட புள்ளியை எப்படி வாயால சொல்றது? பதிமூணுன்னேன், அவரு பதிமூணுன்னு எழுதிட்டாரு. திருப்பிக் கேக்கலை. என்னை ஒரு தடவை ஏற இறங்கக் கூடப் பாக்கலை. தையல்காரி சொன்ன அளவுன்னு அப்படியே நம்பிட்டாரு. "நல்லதாப் போச்சு அத்தை, ஒரு அங்குலம் மிச்சம், மூச்சு விட"ன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. என் பொண்ணு மட்டும் என்னை ஒரு பார்வை பாத்தா. நான் மேல மின்விசிறியைப் பாத்தேன்.

"உக்காந்து பாருங்கம்மா"ன்னு அந்தப் பொண்ணு கதவைத் திறந்துச்சு. முழங்கால் வலின்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து மனசு கேக்கலை. கடையைச் சாத்திட்டு, இதோ இந்த ரெண்டு மரப்பெட்டியையும் இழுத்து, பதினாலு அங்குலம் விட்டுப் போட்டு, நடுவுல உக்காந்தேன். உக்காந்தேன்னா, உக்காந்துட்டேன். எந்திரிக்கத்தான் முடியலை. பட்டனுக்கு நூல் அறுந்துச்சுன்னு தபால்காரர் வந்து கதவைத் தட்டறாரு. தள்ளித் திறந்துட்டு வாங்கன்னேன். மனுஷன் பையைக் கீழ வச்சுட்டு, ஒரு வார்த்தை கேக்கலை, ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து எடுத்தாரு. எத்தனை வீட்டுல என்னென்ன பாத்திருப்பாரோ. அப்புறம் கதவைச் சாத்திட்டு முதல் தடவையா என்னை நானே அளந்தேன். பதினேழு.

நாலு புள்ளிம்மா.

சொல்லிடலாமேன்னு நீங்க நினைக்கறது தெரியுது. சொல்லலாம். சொன்னா அந்த நிமிஷமே காரை மாத்துவாரு, அது எனக்கு நிச்சயம். சின்னது ஒண்ணரை மாசத்துல வந்துடும், பெருசுக்கு மறுபடி எழுதிக் கொடுத்தா கைக்கு வர மூணு மாசம் ஆகுமாம். புள்ளைங்க ரெண்டு மாசத்துல வருதுங்க. என் மானத்தைக் காப்பாத்த நான் சொன்ன ஒரு பொய்க்கு, என் பொண்ணு வலியோட ரெண்டு பஸ் மாறணுமா? வாயை மூடிக்கிட்டேன். மூடினா இன்னொரு கவலை. மாப்பிள்ளை காலைல கடை வேன்ல போனா சாயங்காலம்தான் வருவாரு. கார் வாசல்ல நிக்கும், ஓட்ட ஆள் இருக்காது. அவரே ஓட்டினாலும் முன் சீட்டு பொண்ணுக்கு, நடு சீட்டுல நான் நுழைய மாட்டேன். அப்புறம் "அம்மா, நீ வீட்டுலயே இரு"ம்பாங்க. புள்ளைங்க கையாட்டிட்டுப் போவும். நான் வாசல்ல நின்னு கையாட்டணும். அந்தக் காகிதத்துல எனக்குப் போட்ட பெட்டியை நானே அழிச்சுக்கிட்டேனேம்மா… ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நான் சீட்டு கோணல்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், அந்த நல்ல மனுஷனைக் கெட்டவனாக்கி.

மூணு நாள் சோறு இறங்கலை. நாலாவது நாள் இறங்கிச்சு, கொஞ்சம் அதிகமாவே இறங்கிச்சு. அன்னைக்குத்தான் யோசனை வந்துச்சு. அந்தக் காகிதத்துல அவரு பின் சீட்டை மட்டும்தானே வரைஞ்சாரு? ஒரு கார்ல யாருமே அகலம் கேக்காத சீட்டு ஒண்ணு இருக்கே.

சிரிக்காதீங்க, ஊசி குத்தும்.

டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேந்துட்டேன். யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் சொல்றேன். எட்டாவதுல பாதியில நின்னவ நான், பரிச்சைன்னா நாக்கு வறண்டுடும். ஆனா அங்க எல்லாம் படம்தான்மா. வளைவு, பள்ளிக்கூடம், இடப்பக்கம் திரும்பாதே. பதினஞ்சு கேள்விக்குப் பதிமூணு சரியா சொன்னேன். அங்கயும் பதிமூணுதான், ஆனா அது நிஜப் பதிமூணு. முதல் நாள் கத்துக்கொடுக்கறவரு, "சீட்டுக்கு அடியில ஒரு பிடி இருக்கு, அதை இழுத்து வசதியா தள்ளிக்கோங்க"ன்னாரு. நான் ஏறறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து சீட்டை அளந்தேன். இருபது. பதினேழுக்கு இருபது. மூணு அங்குலம் விட்டு வச்சிருக்கான். அதைச் செஞ்சவன் எங்கயோ கொஞ்ச நாள் தையல் பழகியிருக்கணும்.

கார் வர்ற அன்னைக்கு லைசென்ஸை எடுத்து மாப்பிள்ளை கையில கொடுப்பேன். நடு சீட்டுல என் பொண்ணு உக்காரட்டும், அவ ஒல்லி, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணைத் தட்டிக்கிட்டு வரட்டும். நான் முன்னாடி உக்காந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறேன். என்னை வீட்டுல விட்டுட்டு எப்படிப் போவாங்கன்னு பாத்துடறேன். போகணும்னா காரைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

இதோ, நோட்டோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. அது என்னுது. பதிமூணுன்னு எழுதி, பக்கத்துல நாலு. நான் கார் ஓட்டறதைப் பாத்து எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம், ஒரு நல்ல நாள் பாத்து அந்தப் பக்கத்தையும் காட்டிடுவேன். அவரு படிச்சுப்பாரு. அளவு தெரிஞ்சவரு.

அந்த ஹாரன் கேக்குதா? மூணு தடவை அடிச்சா எனக்குன்னு அர்த்தம். என் செருப்பு எங்க? நோட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. இல்லம்மா, கோட்டைக் கழட்ட முடியாது, முதுகுல மட்டும் ஏழு ஊசி இருக்கு, நீங்களா எடுத்தா அளவே போயிடும். கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இப்படியே நில்லுங்க. இன்னைக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தர்றாங்க, அரை மணி நேரத்துல வந்துடறேன்.