ஜெபத்தில் கண் திறந்தவள்

தகரம் அதிர்கிறது. தலைக்கு மேலே. மறுபடியும். அடுத்த கல் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுகிறது. வெள்ளிக்கிழமை. காலை பதினொன்று நாற்பது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால், நாங்கள் வாடகைக்கு எடுத்துச் சபை நடத்திய தகர ஷெட். உபவாச ஜெபம். உள்ளே முப்பத்தோரு பேர். எல்லோரும் முழங்காலில். எல்லோருடைய கண்ணும் மூடியிருக்கிறது.

முதல் கல்லைத் தென்னை மட்டை என்று நினைத்தேன். இரண்டாவது காதில் விழவே இல்லை. நாங்கள் சத்தமாக ஜெபிக்கிறவர்கள். ஆளுக்கொரு ஜெபம், ஒரே நேரத்தில், தொண்டை கிழிய. அந்த இரைச்சலில் எதிர்வீட்டு சரஸ்வதி அக்கா கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் சத்தத்துக்காக எத்தனையோ முறை சண்டைக்கு வந்தவர். அன்று தெருவில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஆளுங்க வரானுங்க! கடப்பாரை எட்துகினு வரானுங்க! வெளிய ஓடியாங்க!"

கூரை பொத்துக்கொண்டபோது ஜெபம் ஒரு விநாடி நின்றது. அப்போதுதான் கேட்டது. உடனே பாஸ்டர் அதற்கு மேல் கத்தினார்.

"கண்ணத் தொறக்காதீங்க! ஜெபத்த விடாதீங்க! கர்த்தர் பாத்துக்குவாரு!"

பாஸ்டர் கோழை இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அது. ஆனால் அன்று அது தப்பு. இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு. முப்பது பேர் கண்ணை இன்னும் இறுக்கி மூடினார்கள். நான் திறந்தேன். சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் இதற்காகவே கிள்ளு வாங்கியவள் நான்.

வந்தவர்களுக்கு மதம் ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்கு வேண்டியது இடம். ஷெட் நின்ற மனைக்கு அண்ணன் தம்பி சண்டை. எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் அண்ணன். தம்பி இரண்டு முறை வந்து காலி பண்ணு என்று மிரட்டினான். மூன்றாவது முறை ஆள் அனுப்பிவிட்டான்.

இடது பக்க ஜன்னல் கம்பி ஆடுகிறது. அதைப் பற்ற வைத்தவன் செல்வம். திருமுடிவாக்கத்தில் வெல்டர். அங்கேயே லேத்தில் வேலை செய்த என் கணவர் டேவிட்தான் அவனை அழைத்துவந்தார். "இந்தப் பக்கம் சும்மா பொட்டு வச்சிருக்கேன் சார், அப்பால வந்து முழுசா வச்சித் தரேன்" என்று இரண்டு புள்ளியில் மட்டும் ஒட்டிவிட்டுப் போனவன் வரவே இல்லை. இப்போது வந்திருக்கிறான். நேராக அந்தப் பக்கத்துக்கு. கடப்பாரையைக் கொடுத்து ஒரே நெம்பு. ஜன்னல் மொத்தமாக உள்ளே விழுகிறது. பின்னால் ஏழு பேர்.

டேவிட் முழங்காலில் இருந்தார். கண் மூடியிருந்தது. அதே கடப்பாரை முனை முகத்தில் இறங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தால் கேட்குமே, அந்தச் சத்தம். அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

எஸ்தர் அக்கா எங்களுக்கு முன்வரிசை. ஜெபத்தை நடத்துகிறவர். தலைக்கு மேல் இரும்புக் குழாய் ஓங்கியிருக்கிறது. அவருக்குத் தெரியாது. "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். பாதி வார்த்தைதான் கேட்டது.

பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். குழந்தைகளின் அலறல். கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார்கள். ரத்தத்தில் பாய் வழுக்கியது. மொத்தம் ஒன்பது நிமிடம். பைக்குகள் கிளம்பிய சத்தம். போலீஸ் பதினொன்று ஐம்பத்தாறுக்கு வந்தது. கூப்பிட்டது சரஸ்வதி அக்கா.

மாலை ஸ்டேஷனில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "கண்ண மூடியிருந்தோம் சார்." அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். வந்தவர்களைத் தெருவில் பார்த்த சரஸ்வதி அக்காவுக்கு ஒருவர் பெயரும் தெரியாது. இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜையில் போட்டார்.

"ஒருத்தர்கூடவா பாக்கல?"

நானும் மூடியிருந்தேன் என்றேன். பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாஸ்டர் சொல்லியிருந்தார், கர்த்தர் கையில் விட்டுவிடுவோம், மன்னிப்போம் என்று. அது மட்டும் காரணமில்லை. செல்வத்தின் மனைவி லதா. மகள் தர்ஷினிக்கு நான்கு வயது, வலிப்பு. அவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் லதா வெள்ளிக்கிழமை தவறாமல் தூக்கிவருவாள். என் மடியில் போட்டுத்தான் ஜெபிப்பேன். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவள் வரவில்லை.

ஞாயிறு காலை ஆறு பத்து. எஸ்தர் அக்கா இறந்தார். திங்கள்கிழமை டேவிட்டின் வலது கண்ணை எடுத்தார்கள். அன்று முழுக்க ஜெபித்தேன். அது ஜெபமே இல்லை, சண்டை. உன் பிள்ளைகள்தானே, நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். மன்னிக்கச் சொல்கிறாய், சரி. இன்னாரை மன்னிக்கிறேன் என்று பெயர் சொல்ல வேண்டாமா? பெயரை விழுங்கிவிட்டால் அது மன்னிப்பா, பயமா? பயம்தான். அது எனக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் லதா வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை.

"அக்கா, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அன்னிக்கு எங்கள உள்ள வச்சி வெளிய பூட்டிகினு போய்ட்டாரு. ஏன்னு அப்போ தெரில." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"சொன்னதுக்கு அப்பறமும் கொயந்தைக்கு ஜெபம் பண்ணுவீங்களா?"

கதவை முகத்தில் அறைந்து சாத்த வேண்டும் போலிருந்தது. பண்ணுவேன் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். குழந்தையை வாங்கி மடியில் போட்டேன். தலையில் கை வைத்தேன். வார்த்தை வரவில்லை. அவள் அப்பன் கை ஞாபகம் வந்தது. வெகுநேரம் கழித்து ஒரு வார்த்தை வந்தது. அப்புறம் மற்றதெல்லாம் வந்தது.

புதன்கிழமை காலை பத்தரை. ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் பொய் சொன்னேன் சார் என்றேன். பிறகு பெயரைச் சொன்னேன்.

இழந்தவை. உயிர் ஒன்று. எஸ்தர், அறுபத்தோரு வயது. கண் ஒன்று. டேவிட், வலது. அதோடு லேத் வேலையும். மூன்று பேருக்குக் கை எலும்பு முறிவு. கீபோர்டு ஒன்று, நாற்காலி பதினெட்டு. எஸ்தர் அக்காவின் மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. ஷெட் இல்லை, அங்கே இப்போது வேலி. முப்பத்தோரு பேரில் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜெபிக்கிறோம். மற்றவர்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். ஜெபத்தில் கண் திறந்தவள், காட்டிக் கொடுத்தவள் என்று என்னைப் பற்றி அங்கே பேச்சு. பேசட்டும்.

செல்வம் உள்ளே இருக்கிறான். லதாவும் குழந்தையும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். குழந்தைக்கு மருந்து காலை எட்டு மணிக்கு, இரவு எட்டு மணிக்கு. அவர்களை எங்காவது பார்த்தால் நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.