கம்பம் இல்லாத கம்பி

இல்ல தம்பி, எந்திரிக்காதீங்க. தாடையைக் கட்டியிருக்கு, ஒரு மாசத்துக்கு வாயைத் தொறக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா வாசல்லயே சொல்லித்தான் உள்ள விட்டாங்க. நான் பேசறேன், நீங்க சும்மா கேளுங்க. ஏதாவது சொல்லணும்னா அந்தப் பலகையில எழுதுங்க. என்னை அடையாளம் தெரியுதில்ல? சோளக்காட்டுக்காரன். நீங்க ஹெலிகாப்டரோட விழுந்தது என் காட்டுலதான்.

காலு எப்படி இருக்கு? ஆட்டுங்க பாப்போம். ம், ரெண்டும் அசையுது. கதவை நெம்பி உங்களை வெளிய இழுத்தப்போ நான் இதைக்கூட எதிர்பார்க்கல.

உங்க கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் வந்து காட்டை அளந்துட்டுப் போனாங்க. அதுல ஒருத்தர் சொல்றாரு, பைலட் அவசரத்துல சரியா பார்க்கலன்னு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. நாலு வருஷமா என் காட்டுக்கு மருந்து அடிக்கறீங்க, ஒருநாள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்ல. மேல ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் கதிரைத் தொடற மாதிரி கீழ வருவீங்க. மருந்து வண்டி நிழல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே நீங்கதானே சொன்னீங்க? மேலேருந்து பார்த்தா கரண்ட் கம்பி கண்ணுக்கே தெரியாதுங்க ஐயா, பச்சையோட பச்சையா கரைஞ்சிடும், நாங்க கம்பத்தைத்தான் தேடுவோம், ரெண்டு கம்பம் நின்னா நடுவுல கம்பி இருக்குன்னு எடுத்துக்குவோம்னு. அன்னிக்கும் அப்படித்தான் தேடியிருப்பீங்க.

கம்பம் இருந்தாத்தானே.

ஆமா தம்பி. உங்க ஹெலிகாப்டர் மாட்டுனது நான் இழுத்த கம்பி. மோட்டார் ரூம்லேருந்து அந்தப் பெரிய மரத்துக்கு, மரத்துலேருந்து காட்டுக் கடைசியில இருக்கிற புது வீட்டு மாடிக்கு. கம்பம் நட ஆள் கிடைக்கல. கிளையில சுத்திக் கட்டிட்டேன், எலைக்குள்ள முடிச்சுகூடத் தெரியாது. நீங்க விழறதுக்கு பத்து நாள் முன்னாடி.

இருங்க, இன்னும் இருக்கு. கம்பெனிக்காரங்க அறுந்த கம்பியைக் கையில புடிச்சுக்கிட்டு என்னைக் கேட்டாங்க, இது இருக்குன்னு பைலட்கிட்ட சொன்னீங்களான்னு. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன் தம்பி. வாயால பொய் சொல்லல, தலையால சொல்லிட்டேன். அன்னிலேருந்து சோறு எறங்கல. நாளைக்கு விசாரணை ஆபீசர் வர்றாராம். நடந்தது நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன். இந்தாங்க, மருந்து பாட்டிலுக்குக் கீழ வைக்கறேன். நானும் வந்து நேர்ல சொல்றேன். உங்க லைசென்ஸுக்கு ஒரு கீறல் விழக் கூடாது.

மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. சரிதான். நானா இருந்தா பலகையைத் தூக்கி அடிச்சிருப்பேன்.

என்ன எழுதறீங்க? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். ‘ஏன் சொல்லல?’ன்னு எழுதியிருக்கீங்க.

ஏன்னா... அன்னிக்குக் காலையில மேப்பை வண்டி மேல விரிச்சுக் கேட்டீங்க, போன வருஷத்துக்கு இந்த வருஷம் புதுசா ஏதாவது உண்டாங்க ஐயான்னு. வீடு போன வருஷமே உங்க மேப்புல இருக்கு, அப்போ சுவரோட நின்னுச்சு. அப்பவே யாருக்குன்னு கேட்டீங்க. என் மகன் குடும்பத்தோட வரப்போறான்னு சொன்னேன். இனிமே தனியா பொங்கித் தின்ன வேண்டாம்னு சிரிச்சீங்க, ஞாபகம் இருக்கா?

கம்பி இருக்குன்னு சொன்னா, அப்போ வீட்டுக்கு கரண்ட் வந்தாச்சு, மகனும் வந்தாச்சான்னு கேப்பீங்க. நீங்க கேக்கற ஆளு. வேற யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. முந்தின நாள் சாயங்காலம்தான் அவன் போன் பண்ணியிருந்தான். அவன் வேலை பார்க்கற ஊர்லயே ஒரு வீடு வாங்கிட்டாங்களாம். குழந்தைக்கு ஸ்கூலும் பக்கத்துலயாம். நல்லதுப்பான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அதை இன்னொருத்தர்கிட்ட சொல்ல எனக்கு நாக்கு வரல. ஒண்ணும் புதுசில்லன்னு சொல்லிட்டேன்.

வரமாட்டான் தம்பி. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.